நூற்றுக்கு முப்பது

வேலையைச் செய்து காட்ட ஜுனைதீன் முதலாளி ஜீவராணிக்குக் கொடுத்த தவணை ஐந்து நாள். புதன்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தோட்டத்துச் சந்திக்கு ஏஜென்சி வான் வரும். ஏறினால் குவைத். அங்கே யாரோ ஒருவர் வீட்டில் இரண்டு வருடம் சமையலும் கழுவலும். மகள் ஷாமிளாவுக்கு ஏழு வயது. திரும்பி வரும்போது ஒன்பது நடக்கும்.

வானில் ஏறாமல் இருக்க அந்த ஐந்து நாளைத் தவிர வேறு வழி இல்லை.

அது 2007 ஐப்பசி. செப்டம்பரோடு தோட்டத்து ஷீட் அறையை மூடிவிட்டார்கள். ரப்பர் பாலை இனி அப்படியே பவுசர் லொறியில் ஏற்றி விற்பதாம். பாலுக்கு ஆசிட் போட்டு, உறைந்ததை ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கிய ஆறு பெண்களில் நான்கு பேருக்குப் பால்வெட்டு வேலை கொடுத்தார்கள். மிச்சம் இரண்டு பேருக்கு வெட்ட மரம் இல்லை. அதில் ஒருத்தி ஜீவராணி.

அவளுக்கு இன்னொரு வேலையும் தெரியும். ரெயின்கார்ட் போடுவது. மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு ரப்பர் மரத்துக்கும் வெட்டுப்பட்டைக்கு மேலே பொலித்தீனைச் சுற்றித் தாரால் ஒட்டுவார்கள். மழைத்தண்ணீர் மரத்தோடு வழிந்து பால் சிரட்டையில் விழக்கூடாது. மரம் என்ன வழவழப்பான தூணா? மேடும் பள்ளமும் வெடிப்பும். அதில் ஓட்டை விடாமல் ஒட்டுவது எல்லோருக்கும் கைவராது. ஜீவராணி ஒட்டிய மரத்தில் ஒரு சொட்டு இறங்காது.

இதைக் கேகாலையில் ஜுனைதீன் முதலாளியின் பைபர் பட்டறையில் போய்ச் சொன்னவன் கிருஷாந்த். அதே தோட்டத்துப் பிள்ளை, இருபத்தெட்டு வயது. நான்கு வருடமாக அங்கே வேலை. முச்சக்கர வண்டிக்கு முன்மூக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, பைக்குக்கு மட்கார்ட், இவைதான் பட்டறையின் சரக்கு.

“பாருங்க முதலாளி, எங்க தோட்டத்துல ஒரு அக்கா இருக்கு. மரத்துக்கே காத்துப் புகாம பொலித்தீன் ஒட்டும்” என்று சொல்லியிருக்கிறான்.

“மரத்துக்குக் காத்து எதுக்கு? மழைதானே” என்று கேட்டாராம் முதலாளி. பிறகு, “சரி, வரச் சொல்லு” என்றாராம்.

புதன்கிழமை அவள் போனபோது மேசையில் ஓர் அச்சு இருந்தது. பெரிய சொளகு அளவு. மூன்று பக்கம் நிமிர்ந்த விளிம்பு, உள்ளே இரண்டு மூலை. எம்பிலிப்பிட்டியவில் மோட்டர்சைக்கிள் ரேஸ் ஓடுகிறவர் ஒருவர் கொடுத்த வேலை. சேற்றிலும் கல்லிலும் பாயும் பைக்கின் எஞ்சினுக்கு அடியில் கட்டும் தட்டு. அலுமினியத்தில் இருந்தது கனமாம். காபன் நார்த் துணியில் செய்து தர வேண்டும். துணியை அவரே வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கொடுத்திருந்தார். கறுப்பு. மினுமினுப்பு. இரண்டு தட்டுக்குப் போதும். அதற்கு மேல் ஒரு முழம்கூட இல்லை.

“வேலை என்னண்டா இதுதான் புள்ள” என்றார் முதலாளி. வெள்ளைத் தாடி, மடித்துக் கட்டிய சாரம், முழங்கை வரை காய்ந்த ரெசின் பசை. “அச்சுல துணியப் போட்டு ரெசின் பூசுற. மேல பொலித்தீன் போட்டுச் சுத்திவர ஒட்டுற. பொறகு உள்ள இருக்கிற காத்த உறிஞ்சி எடுத்தா, வெளிக் காத்தே வந்து துணிய அமுக்கும். ஆயிரம் கை சேர்ந்து அமுக்கின மாதிரி.”

“கையாலயே அமுக்குனா என்னங்க?”

“கையால அமுக்கினா ரெசின் கூட நிக்கும். கனம் வரும். அதுக்கு அலுமினியமே நல்லம்.”

காற்றை உறிஞ்ச ஒரு பழைய பிரிட்ஜின் கம்பிரசர். அதிலிருந்து ஒரு குழாய். குழாயில் ஒரு மீட்டர். செய்முறை ஆறு தாளில் இருந்தது, இன்டர்நெட் கடையில் அச்செடுத்தது, இங்கிலீசில். கிருஷாந்த் அகராதியை வைத்துக்கொண்டு நான்கு தாள் வரை படித்திருந்தான். முதலாளி படங்களை மட்டும் பார்த்திருந்தார். காபன் வேலையில் மூன்று பேரும் ஒரே வகுப்பு.

கண்ணாடி நார் போட்டு இரண்டு தரம் பழகிப் பார்த்திருந்தார்கள். இரண்டு தரமும் மீட்டர் முள் ஏறி, உடனே விழுந்துவிட்டது. பொலித்தீன் இன்னும் மேசையில் கிடந்தது. தப்பு மேளத்துத் தோல் மாதிரி விறைப்பாக இழுத்து ஒட்டியிருந்தார்கள்.

ஜீவராணி அதை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

“ஏங்க இதப் போட்டு இப்படி இழுத்திருக்கீங்க?”

“காத்துப் போகக்கூடாதே.”

“இழுத்தாதாங்க போகும். மூலைக்குப் பொலித்தீன் எறங்கணும்ல? எறங்க எடம் இல்லன்னா ஒட்டுனத பிச்சுக்கிட்டு வரும். மரத்துக்கு நாங்க கொசுவம் வச்சுத்தான் போடுவோம்.”

“மரத்துக்குமா கொசுவம்?” என்றார் முதலாளி. “பொம்பளைங்க ரப்பர் மரத்துக்கே சேல கட்டி விட்டிருக்கீங்க.”

“கட்டுனாதாங்க பால் வரும்.”

கிருஷாந்த் சிரித்தான். அவள் பொலித்தீனைப் பெரிதாக வெட்டினாள். லொறிக் கண்ணாடி ஒட்டும் கறுப்புப் பசைநாடாவை அச்சைச் சுற்றி ஒட்டினாள். ஒவ்வொரு மூலைக்கு நேரேயும் பொலித்தீனை ஒரு சாண் உயரத்துக்கு மடித்துக் கொசுவம் எடுத்தாள். கொசுவத்துக்கு உள்ளேயும் பசை வைத்து நகத்தால் அழுத்தினாள். கம்பிரசர் ஓடியது. பொலித்தீன் சுருங்கி, மூலையில் இறங்கி, அச்சோடு அச்சாகப் படிந்தது. எங்கோ ‘ஸ்’ என்றது. அவள் கன்னத்தை ஈரப்படுத்திக்கொண்டு விளிம்பை ஒட்டிக் குனிந்தாள். ஈரத்தில் காற்று சில்லென்று பட்ட இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். சத்தம் நின்றது.

குழாயை இறுக்கிப் பூட்டிவிட்டு மூன்று பேரும் மீட்டரைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்தார்கள். அரை மணித்தியாலம் முள் அசையவில்லை.

“ஹரி” என்று சிங்களத்தில் சரி சொன்னார் முதலாளி. அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்று கிருஷாந்த் பிறகு சொன்னான்.

வியாழக்கிழமை காபனைப் போட்டார்கள். காலையிலிருந்து மழை. தகரக் கூரையில் பேச்சே கேட்கவில்லை. அச்சுக்கு மெழுகு தேய்த்து, துணியை நான்கு படையாக வெட்டி வைத்தார்கள். கிருஷாந்த் தராசின் முன் உட்கார்ந்தான். கேகாலைச் சந்தையில் வாங்கிய சின்ன மின்தராசு. ரெசின் நூறு என்றால், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் முப்பது. அளவை நிறுத்து ஊற்றினான். ஹார்ட்னர்க் கோப்பையில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

அப்போது சாரல் ஜன்னல் வழியே துணிப்பக்கம் அடித்தது. அவன் பாய்ந்து போய்ப் பலகையை இழுத்து மூடினான்.

ஜீவராணி கோப்பையைப் பார்த்தாள். வெளியே மழையைப் பார்த்தாள். ஷீட் அறையில் பதினோரு வருடம். மழை நாளில் பால் தண்ணீராக வரும். எழுதி வைத்த அளவுக்கு ஆசிட் போட்டால் விடிந்தாலும் உறையாது, மறுநாள் கங்காணி கத்துவான். ஆகவே மழை கண்டால் கை தானாகக் கொஞ்சம் கூடப் போடும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, யாரிடமும் கேட்டதுமில்லை. மிஞ்சியதில் பாதியை ரெசினுக்குள் சரித்தாள். இரண்டு தேக்கரண்டி இருக்கும்.

கிருஷாந்த் வந்து கலக்கினான். சொல்ல வேண்டிய விஷயமாக அது அவளுக்குப் படவில்லை.

படை படையாகத் துணியை வைத்து ரெசின் ஊற விட்டார்கள். மேலே தையற்கடையில் வாங்கிய வழுவழுப்பான உள்துணி, பிறகு உரித்து எடுப்பதற்கு. அதன்மேல் ஊசியால் குத்திய பொலித்தீன், கசிகிற ரெசினைக் குடிக்கத் தலையணைப் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேல் அவளுடைய கொசுவப் பொலித்தீன். முதல் தரத்திலேயே முள் நின்றது. கம்பிரசர் இரவு வரை ஓடட்டும் என்று முதலாளி பட்டறையிலேயே பாய் போட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்த பிறகு பொலித்தீனை உரித்தார்கள். துணி மூலைவரை அழகாகப் படிந்திருந்தது. ஒரு மடிப்பு இல்லை, ஒரு குமிழ் இல்லை. முதலாளி விளிம்பைத் தூக்கினார். தட்டு வளைந்தது. இன்னும் தூக்கினார். ஈரத்துண்டு மாதிரி தொங்கிற்று. விரலில் பாகு போல ஒட்டியது.

மீன் கழுவின தண்ணீரும் அமோனியாவும் சேர்ந்த ஒரு வாடை எழும்பியது. ஜீவராணி ஓரடி பின்னால் போனாள். ஆசிட் கூடின ஷீட்டும் இப்படித்தான் காட்டிக் கொடுக்கும். புளித்த வாடை. தொட்டால் பிசுபிசுப்பு. கூடப் போட்டது உள்ளேயே நின்று நாறும். அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

முதலாளி விரலைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அவர் பார்த்தது கிருஷாந்தை.

“எத்தின நிறுத்த?”

“இருநூறுக்கு அறுபது முதலாளி.”

“அறுபது நிறுத்தா இப்பிடி வருமா? கண்ண எங்க வச்சிருந்த? போன்லயா?”

“போன் சட்டப் பைக்குள்ள இருந்துச்சு முதலாளி.”

“சட்டப் பைக்குள்ள இருந்தாலும் மனசு அதுக்குள்ளதானே.” குரலை உயர்த்தவில்லை. “நாளைக்கி நான் நிறுக்கிறேன். இனி நீ தேய்க்கிற வேலையப் பாரு.”

தேய்க்கிற வேலை என்றால் பின்தாழ்வாரத்தில் உப்புத்தாள் கொண்டு விளிம்பு தேய்ப்பது. தூசி கழுத்தில் இறங்கி நாள் முழுக்கச் சொறியும். புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வேலை. கிருஷாந்த் தலையை ஆட்டினான். கூழாகிப்போன காபனை அச்சிலிருந்து சுரண்ட ஆரம்பித்தான். ஜீவராணி மற்றப் பக்கத்திலிருந்து சுரண்டினாள். வாயைத் திறந்தாள். முதலாளி போனில் எம்பிலிப்பிட்டியக்காரரோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிறு, ஞாயிறு என்று இரண்டு தரம் சொன்னார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“தராசு பொய் சொல்லாது அக்கா” என்றான் கிருஷாந்த், தலை நிமிராமல். “அப்ப நான்தான் எதையோ மாத்திப் பாத்திருக்கேன்.”

அன்று பின்னேரம் லயத்து வீட்டில் ஜீவராணி சோறு போட்டுவிட்டுப் புருஷனுக்கு எதிரே உட்கார்ந்து காபன் கெட்டதைச் சொன்னாள். ஜெகன் பால்வெட்டுக்காரன், பேச்சுக் குறைவு.

“அந்த ஹார்ட்னர கூட ஊத்துனது நான்தான்” என்றாள்.

அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். “பொடியன் என்ன சொல்றான்?”

“ஒன்னும் சொல்லல. தராச தொடைச்சுத் தொடைச்சு வைக்கிறான்.”

“நீ சொன்னா?”

“வேலை போயிரும்.”

“சொல்லாட்டி?”

“கெடைக்கும் போலதான். நாளைக்கு முதலாளி சரியா நிறுப்பாரு. தட்டு வெறைக்கும். அவன்தான் பிழைன்னு முடிஞ்சிரும்.”

“அப்ப என்ன யோசிக்கிற?”

“கெடைச்சா அவன் கூடதானே தெனமும் ஒரு மேசையில நிக்கணும்.”

ஜெகன் தட்டைக் கழுவிவிட்டு வந்தான். ஷாமிளா சுவரோரம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“குவைத்துக்குப் போன்னு நான் சொல்லல. போகாதன்னும் சொல்லல” என்றான். “இதுலயும் அதேதான். ஆனா ஒன்னு. இவளுக்குச் சட பின்ன எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் மொட்டையடிச்சு விட்டிருவேன்.”

அவள் சிரித்தாள். பிறகு மகள் பக்கத்தில் போய்ப் படுத்தாள்.

சனிக்கிழமை ஏழரை பஸ்ஸில் போனாள். கிருஷாந்த் அதற்கு முந்தியே வந்திருந்தான். தராசில் ஒரு கிலோ சீனிப் பைக்கற் இருந்தது. ஆயிரம் என்று காட்டியது. பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பை. வெள்ளிக்கிழமை வேலை முடித்துப் போகும்போது நூற்றுக்கு முப்பது கலந்து வைத்துப் போயிருக்கிறான். அதைக் கவிழ்த்து மேசையில் தட்டினான். கல் மாதிரிச் சத்தம்.

“பாத்தீங்களா? தராசும் சரி. சாமானும் சரி.” சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “நாலு வருஷமா நிறுக்கிறேன் அக்கா. இதுவரைக்கும் ஒன்னும் பெசகல.”

ஐந்தாம் தாள் அவன் கையில் இருந்தது. நேற்றிரவு அதைப் படித்திருக்கிறான். ஹார்ட்னரைக் கூட்டினாலும் குறைத்தாலும் ரெசின் இறுகாது. சீக்கிரம் இறுக வேண்டுமானால் சூடு காட்ட வேண்டும். இதுதான் அதில் இருந்தது. அவன் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனான். யாரையும் குத்திச் சொல்லவில்லை.

முதலாளி சாவிக்கொத்தோடு உள்ளே வந்தார். ஜீவராணி முந்தானையை இடுப்பில் செருகினாள். அவரும் கேட்க வேண்டும், இவனும் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

“முதலாளி, வியாழக்கிழம தம்பி சரியாதான் நிறுத்துச்சு. ஜன்னல் சாத்தப் போனப்ப மிச்சத்துல பாதிய நான் ஊத்திட்டேன்.”

மழை விட்டிருந்ததால் நன்றாகவே கேட்டது.

“ஏன்?” என்றார் முதலாளி.

“மழைங்க. பாலுக்கு அப்படித்தாங்க. மழைன்னா ஆசிட் கூடப் போடுவோம்.”

“இது பால் இல்லயே.”

“இல்லைங்க.”

“எத்தின?”

“ரெண்டு கரண்டி இருக்கும்.”

முதலாளி முக்காலியில் உட்கார்ந்தார். கிருஷாந்த் சீனிப் பைக்கற்றைத் தராசிலிருந்து எடுத்து, திரும்பவும் வைத்தான். அவளைப் பார்க்கவில்லை.

“நேத்து சொல்லியிருக்கலாமே” என்றார் முதலாளி.

“பயந்துட்டேங்க. திங்கக்கிழம வான் வருது.”

“அந்த வான் இவனுக்கா வருது? இவன ஏன் ஏத்தி விடப் பாத்த?”

அவள் அதே இடத்தில் நின்றாள். முதலாளி தாடியை இழுத்தார். சுவரில் வரிசையாகச் சாத்தியிருந்த மட்கார்டுகளைப் பார்த்தார்.

“இந்த நாத்தம் புடிச்ச சாமான் என்ன ஜாதியோ. மத்த ரெசினுக்கு மழ நாளையில நானே ரெண்டு சொட்டுக் கூட விடுவேன். முப்பது வருஷமா விடுறேன். வியாழக்கிழம நான் பக்கத்துல நிண்டிருந்தா, ஊத்து புள்ள எண்டுதான் சொல்லியிருப்பேன்.” நிறுத்தினார். “அதுக்காக நீ செஞ்சது சரி எண்டு இல்ல. நீ வூட்டுக்குப் போ.”

அவள் பையை எடுத்தாள். வாசல்வரை போனாள்.

“முதலாளி” என்றான் கிருஷாந்த். “துணி ஒன்னுதான் இருக்கு. பொலித்தீன் யாரு போடுறது?”

“நீ போடு. பாத்தாய்தானே.”

“பாத்தேன். எனக்கு வராது. நாளைக்கு எம்பிலிப்பிட்டியக்காரர் வந்து நிப்பாரு.” பிறகு அவள் பக்கம் திரும்பினான். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. “அக்கா, பைய வைங்க. எனக்கும் கோவந்தான். அத வேலை முடிஞ்சு பாத்துக்குவோம்.”

முதலாளி தராசைக் கிருஷாந்த் பக்கம் தள்ளி வைத்தார்.

அன்று அவன் நிறுத்தான். ஒவ்வொரு அளவையும் சத்தமாகச் சொன்னான். அவள் மேசையின் அடுத்த முனையில் நின்றாள். துணி வைத்தார்கள். பொலித்தீன் போட்டாள். ஒரு கொசுவத்தில் காற்று இழுத்தது. கன்னம் வைத்துப் பார்த்து மூன்றாம் தரத்தில் பிடித்தாள். மேலே தகரத்தைக் கவிழ்த்து, உள்ளே இரண்டு நூறு வாட் பல்பு எரியவிட்டார்கள், ஐந்தாம் தாள் சொன்ன சூட்டுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பொலித்தீனை உரித்தார்கள். உள்துணி ‘சர்’ரென்று கழன்று வந்தது. வாடை இல்லை. முதலாளி மர ஆப்பை விளிம்பில் வைத்துத் தட்டினார். டக்கென்று ஒரு சத்தத்தோடு தட்டு அச்சைவிட்டு எழும்பியது. அலுமினியத்தின் பாதி கனம்கூட இல்லை. ஒரு நாணயத்தை எடுத்து மேலெல்லாம் தட்டிப் பார்த்தார். எல்லா இடத்திலும் கணீரென்றது. வலப்பக்க மூலையில் மட்டும் சத்தம் மந்தமாக விழுந்தது, ஒரு விரல்நுனி அளவு இடத்தில்.

“இங்க உள்ள காத்து நிண்டிருக்கு.”

கிருஷாந்த் குனிந்து பார்த்தான். “ஓட்டத்துக்குத் தாங்கும் முதலாளி. போல்ட் பூட்டுற எடம் இல்ல இது.”

“தாங்கும்.” முதலாளி தட்டை மேசையில் வைத்தார். ஜீவராணியைப் பார்த்தார். “கை நல்ல கை. ஆனா சொல்லாமச் செய்யிற கை.”

“சொல்லிட்டேன்தானேங்க.”

“பொறகு சொன்ன.”

அவள் தலை குனியவில்லை. “ஆமாங்க. பொறகுதான் சொன்னேன்.”

அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“நாளைக்கி எட்டு மணிக்கு வா. எதுவும் செய்யிறதா இருந்தா முந்திச் சொல்லு. இவன்ட்ட சொல்லு, எனக்குச் சொல்லாட்டியும் பரவாயில்ல. இவன் சரி எண்டு சொன்னா செய்.”

“அப்ப இப்பவே ஒன்னு சொல்லணுங்க” என்றாள் அவள், கிருஷாந்தைப் பார்த்து. “அந்த மூலையில துணி வளைஞ்சு படியல. குறுக்க ஒரு வெட்டுப் போட்டு, ஒன்னுமேல ஒன்னு ஏத்தி வச்சிருந்தா காத்து நின்னிருக்காது.”

“வெட்டுனா அந்த எடம் பெலன் கொறையும் அக்கா.”

“மேல் படையில மட்டும் வெட்டுவோம். கீழ்ப்படைய வெட்டாம விடுவோம்.”

அவன் யோசித்தான். “ஹரி. அடுத்ததுல பாப்போம்” என்றான். நேற்றுக் காலைக்குப் பிறகு முதல்முறையாக அவள் முகத்தை நேரே பார்த்தான்.

அவன் போனை வாங்கிக்கொண்டு அவள் தாழ்வாரத்துக்கு வந்தாள். ஏஜென்சிக்காரர் நான்காவது மணியில் எடுத்தார்.

“நாளைக்கு எனக்கு வான் வேணாங்க. நான் வரல.”

“என்னம்மா கடைசி நேரத்துல? வீட்டுக்காரர் மறிச்சிட்டாரா?”

“இல்லைங்க. அவரு ஒன்னும் சொல்லல.”

“அடுத்த வருஷம் நீயா வந்து கேட்டாலும் எடுக்க மாட்டாங்க. வயசு கூடிரும். தெரியும்தானே?”

“தெரியுங்க” என்றாள். போனைத் திருப்பிக் கொடுக்க உள்ளே போனாள்.